சுடலைக்கண்ணனின் மூக்கு

முத்தையாபுரத்தில் சுடலைக்கண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போர்டு கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இருபத்தாறு வருடமாக அந்தத் தகரக் கொட்டகையைத் தெரியும். பானெட்டைத் திறந்ததும் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். ஆயில் கருகுகிறதா, கிளட்ச் தேய்கிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று ஸ்பானரைத் தொடும் முன்பே சொல்லிவிடுவார். "சுடலை மோந்து பாத்துச் சொல்லிட்டாம்னா வேற ஆள்ட்ட போக வேண்டாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் ஹார்டுவேர் கடை லிங்கராஜ் அண்ணாச்சி.

கொரோனா இரண்டாம் அலையில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து சுடலைக்கண்ணன் எழுந்தபோது அந்த மூக்கு போயிருந்தது. மற்றவர்களுக்கு வந்ததுபோல் தனக்கும் திரும்பி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் அவர் மனைவி செல்வலட்சுமிக்கு விஷயம் புரிந்தது.

"வண்டி கொண்டுட்டு வாரவங்கட்டயாவது சொல்லிருங்க" என்றாள்.

"கண்ணு இருக்கு, கை இருக்கு. அது போதும். நீ வெளிய மூச்சு விட்டுராத."

மூன்று வருடம் அது போதுமானதாகத்தான் இருந்தது.

போன ஆவணியில் லிங்கராஜ் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். தொண்ணூற்றெட்டில் வாங்கிய வண்டி. "ஏலே சுடலை, பின்னால ஒக்காந்தா பெட்ரோல் வாடை கொடலப் பெரட்டுது. என்னன்னு பாரு."

சுடலைக்கண்ணன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல். பைப்பு, இணைப்பு எல்லாவற்றையும் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி நனையவில்லை. "கார்புரேட்டர்ல கொஞ்சம் ஓவர்ஃப்ளோ ஆயிருக்கும் அண்ணாச்சி" என்று அதைச் சரிசெய்து அனுப்பினார்.

இருபது நாளில் வண்டி திரும்பி வந்தது. அப்போதாவது கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து செல்வலட்சுமியை மோந்து பார்க்கக் கூப்பிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்க, பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, பழைய மாதிரியே நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க மனசுக்குத் தோணுது."

லிங்கராஜ் நம்பினார். இருபத்தாறு வருடப் பழக்கம்.

அவருடைய மகள் பிரேமா ஏழு மாதக் கர்ப்பமாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவர அந்தக் கார்தான். ஏறினால் தலைவலி, இறங்கினால் வாந்தி. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள் வீட்டில். ஒரு நாள் வழியிலேயே மயங்கிவிட்டாள். "சேலையெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்குதே, எதுல வந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் லிங்கராஜுக்கு உயிர் வந்தது. காரை நேரே கொட்டகைக்கு விட்டார். அன்று காலையில்தான் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டிருந்தார்.

"வாடை எப்பவும் அடிக்கா, இல்ல ஃபுல்லாப் போட்டாதான் அடிக்கா?" என்று கேட்டார் சுடலைக்கண்ணன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஃபுல்லாப் போட்ட அன்னைக்குத்தாம்ல."

அப்படியென்றால் ஓட்டை மேல்பக்கம். டேங்கைச் சுற்றிலும் சாக்பீஸ் பொடியைத் தூவி, துறைமுகச் சாலைவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டையின் மேல்முனையில் மட்டும் பொடி நனைந்து கட்டியாகியிருந்தது.

"காருக்கு நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

மறுநாள் பெட்ரோலை வடித்து டேங்கை இறக்கினார். பட்டைக்கடியில் உப்பு மண் அப்பி, தகடு துருப்பிடித்து, ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். கேஸ் வெல்டிங் வைத்தால் அடைபடும். ஆனால் உள்ளே பெட்ரோல் ஆவி கொஞ்சம் தங்கியிருந்தாலும் தீ காட்டியதும் டேங்க் வெடிக்கும். சோப்புத் தண்ணீர், வெந்நீர் என்று மாற்றி மாற்றிக் கழுவினார். முன்பெல்லாம் டேங்க் வாயில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தீ மூட்டுவார். இப்போது உயிர் விஷயம். "ஏளா, இங்கன வா" என்று கூப்பிட்டார்.

செல்வலட்சுமி குனிந்து மோந்தாள். "நல்லா அடிக்கி." மறுபடி கழுவினார். "இப்பவும் லேசா இருக்கு." மூன்றாம் தடவை அவள் குனிந்தபோது லிங்கராஜ் பின்னால் வந்து நின்றார்.

"ஒம் பொண்டாட்டி எதுக்குல மோந்து பாக்கா?"

சுடலைக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்வலட்சுமிதான் சொன்னாள்: "அவுகளுக்கு வாசமே தெரியாது அண்ணாச்சி. காய்ச்சல் வந்ததுலேருந்து."

"அப்பம் அன்னைக்கு காருக்குள்ள தலைய விட்டு மோந்தியே, அது என்னல?" லிங்கராஜின் குரல் உயரவில்லை. "எம் மவ அதுலதாம்ல போயி வந்துக்கிட்டிருந்தா."

சுடலைக்கண்ணன் குனிந்து டேங்கில் மறுபடி வெந்நீரை ஊற்றினார்.

வேலையில் குறை வைக்கவில்லை. வாடை அறவே இல்லை என்று செல்வலட்சுமி சொன்ன பிறகே தீ மூட்டி ஓட்டைகளை அடைத்து, பெயிண்ட் அடித்து, பட்டைக்கடியில் ரப்பர் வைத்து டேங்கை மாட்டினார். நிறையப் பெட்ரோல் ஊற்றி, கீழே அட்டை விரித்து ஒரு பகல் முழுக்க நிறுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. காரை எடுத்துப்போக லிங்கராஜ் வரவில்லை. கடை ஆள் ஒருவன் வந்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கார் முத்தையாபுரம் பக்கமே வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. தை பிறந்ததும் சுடலைக்கண்ணன் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, துறைமுகத்துக்கு வெளியே ஒரு லாரி ஷெட்டில் டிரெய்லர்களுக்கு கிரீஸ் அடிக்கும் வேலைக்குப் போனார்.

ஒரு காலையில் டிபன் பாக்ஸை மூடிக் கொடுக்கும்போது செல்வலட்சுமி சொன்னாள்: "மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு ஆயிருக்காது."

"சொல்லியிருந்தா அண்ணாச்சி அன்னைக்கே வேற ஆள்ட்ட போயிருப்பாரு."

"போனாப் போறாரு. அந்தப் புள்ள மயங்கி விழுந்திருக்காதுல்லா?"

சுடலைக்கண்ணன் டிபன் பாக்ஸை வாங்கிப் பையில் வைத்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.