சிவப்பில் நின்ற முள்ளோடு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு லாரிப் பயணம்

சரசாவின் லாரி எஞ்சின் என் கண் பட்டுத்தான் சீஸ் ஆனது என்று, போன மாதம் கொரட்டூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மூன்று இலை தள்ளித்தான் பேசினார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டார்கள் போலும். கண் பட்டு எந்த எஞ்சினும் சீஸ் ஆகாது. எண்ணெய் மிதமிஞ்சிச் சூடாகி, தண்ணீர் போல் இளகி, இரும்பும் இரும்பும் உராய்ந்தால் சீஸ் ஆகும், அதாவது இறுகி நின்றுவிடும். இதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்பது ஒரு காரணம். பழைய டீசல் லாரியில் வெளியில் வாங்கிய மீட்டரை மாட்டி ஓட்டுகிறவர்களுக்கும், இந்தப் பக்கத்துச் சாலைகளை லாரியின் உயரத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும் என்பது இன்னொரு காரணம்.

பயணம் நடந்தது 1993இல், ஆயுத பூஜை முடிந்த பிறகு வந்த மழை நாட்களில். சரசா என் கணவருடைய தம்பியின் மனைவி, எனக்கு ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி இரண்டு லாரிகள் வாங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் தண்ணீர்ச் சூட்டுக்கு மட்டும் மீட்டர் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் எண்ணெயின் சூட்டையும் பார்க்க வேண்டும் என்று என் கணவர் சொல்லி, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் இரண்டு மீட்டர் வாங்கி, இரண்டு வண்டியிலும் மாட்டினார்கள். அதன் பிறகு என் கணவர் இறந்தார். அவள் கணவர் நன்றாக இருந்தார். லாரி ஆளுக்கொன்று, மீட்டர் ஆளுக்கொன்று. மற்றதெல்லாம் அவளுக்குக் கூடுதல்.

எனக்கென்று இருந்தது டிரைவர் ஏகாம்பரம் ஒருவர்தான். பெண் முதலாளியிடம் வேலை செய்ய மாட்டேன் என்று மூன்று பேர் போன பிறகு நிலைத்தவர். அவர் இல்லாவிட்டால் வண்டி கொட்டகையில் நிற்கும், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதர் ஒரு மாலை வந்து சாவியை என் மேசையில் வைத்தார்.

"அம்மா, முள்ளு செவப்புல போய்க் குந்திகினு கீது. பத்து நாளா இப்டித்தான். எஞ்சின் பூட்ச்சின்னா என் தலையிலதான் வுழும். நாளைக்கு ஒரு லோடு ஓட்டிக் குடுத்துர்றேன், அதோட வுட்ருங்க."

"எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சரசாம்மா கூப்ட்டாங்க. அவுங்க வண்டில முள்ளு தொண்ணூறத் தாண்டாதாம். பொட்டிப் பாம்பாட்டம் கீதுன்னாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டு முள்ளுக்குக்கூட நல்ல பெயர்! நாளை நானும் வண்டியில் வருவேன் என்று சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார்.

மறுநாள் காலை 6.20க்கு அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து கிளம்பினோம். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் முந்தின நாளே வார்ப்பட உதிரிகள் ஏற்றியாகிவிட்டது; பாதி ஆவடியில் இறக்க வேண்டும், மீதி பூந்தமல்லியில். கேபினில் ஏறுகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: முதல் படி முழங்காலுக்கு மேலே இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதலில் வையுங்கள். யாரும் தள்ளிவிட அனுமதிக்காதீர்கள். எஞ்சின் மூடி உங்கள் பக்கத்திலேயே இருக்கும், கால் சுடும். ஒரு மடித்த சாக்கு போதும்.

தூறலும் இருட்டுமாக இருந்ததால் ஏகாம்பரம் முகப்பு விளக்கைப் போட்டிருந்தார். திருமுல்லைவாயில் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பத்து நிமிடம்தான் ஓடியிருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு அண்டா எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. வடை சுட்ட எவருக்கும் இது தெரியும். தண்ணீர் மீட்டரோ வழக்கமான இடத்தில் அமைதியாக நின்றது.

ஏழு கிலோமீட்டர். ஆவடி சேர்ந்தபோது மணி 6.55. தொழிற்சாலைக் குடியிருப்புகளிலிருந்து சைக்கிள்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. விடிந்துவிட்டதால் ஏகாம்பரம் விளக்கை அணைத்தார். முள் சட்டென்று இறங்கியது. சிவப்பிலிருந்து நூற்றுப் பத்துக்கு.

"விளக்கைப் போடுங்கள்" என்றேன்.

"பகல்லயாம்மா?"

"போடுங்கள்."

போட்டார். முள் துள்ளி ஏறியது. அணைத்தார், இறங்கியது. நான்கு முறை போட்டு அணைக்கச் சொன்னேன். பக்கத்தில் போன ஒரு டவுன் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னா மாமே, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஏகாம்பரத்துக்கு மானம் போயிற்று. எனக்கு உயிர் வந்தது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் வரலாம், எண்ணெயில் சூடு வராது. கோளாறு எஞ்சினில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. எங்கள் கான்வென்டில் இயற்பியல் எடுத்த சிஸ்டர், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பார். அதைத்தான் செய்தேன்.

சரக்கு இறங்குகிற நேரத்தில் எண்ணெய்க் கம்பியை உருவிக் காட்டச் சொன்னேன். அளவு சரி, தீய்ந்த வாடை இல்லை. ஏகாம்பரம் மட்டும் சமாதானமாகவில்லை. டீ குடிக்கும்போது (ஒன்றேகால் ரூபாய், சர்க்கரை அதிகம்) சரசா புராணம் ஆரம்பித்தது. சரசாம்மா லோடு இறங்குகிற இடத்துக்கே சோறு கொடுத்தனுப்புமாம். ஐயா தானே வந்து தார்ப்பாய் கட்டுவாராம். தீபாவளிக்கு இரண்டு செட் துணியாம். நான் டீயை முழுவதும் குடிக்கவில்லை.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயலும் செங்கல் சூளையும். சாலை நடுவே உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். எதிரில் பஸ் வந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். மழைக்காலத்தில் இந்தப் பத்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

பூந்தமல்லியில் மீதிச் சரக்கை இறக்கி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது; பிறகு டிரங்க் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தினோம். அவர் மீட்டரைக் கழற்றாமலே தீர்ப்பு சொன்னார்.

"யூனிட்டு பூட்ச்சு மேடம். புச்சு போட்ணும்."

யூனிட் என்பது எஞ்சினில் திருகியிருக்கும், சூட்டை உணர்கிற துண்டு. அது கெட்டிருந்தால் விளக்கைப் போடும்போது மட்டும் ஏன் முள் ஏறுகிறது என்று கேட்டேன். ஏகாம்பரத்தைப் பார்த்து, "நைனா, இன்னா இது, பரீட்சை வெக்கறாங்கோ?" என்றார்.

"பரீட்சைதான்" என்றேன். "மீட்டரின் எர்த் முனையிலிருந்து ஒரு வயரை நேராக பேட்டரியின் நெகட்டிவுக்குப் பிடியுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்."

பிடித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முள் எண்பத்தைந்துக்கு இறங்கி நின்றது. விளக்கைப் போட்டோம். அசையவில்லை. வயரை எடுத்ததும் சிவப்புக்கு ஓடியது. பிறகு மீட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். ஆயுத பூஜைக்குக் கேபின் முழுவதும் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம். எர்த் வயரின் திருகைக் கழற்றி, பெயின்ட் காய்ந்த பிறகு அந்தப் பெயின்டின் மேலேயே முடுக்கிவிட்டிருக்கிறார்கள்; பெயின்டைத் தாண்டி மின்சாரம் சரியாகப் போகாது. மீட்டருக்கும், முகப்பு விளக்கோடு சேர்ந்து அதற்குள் எரியும் சின்ன விளக்குக்கும் அந்த ஒரே திருகுதான் எர்த். பூஜை முடிந்ததிலிருந்து முள் பொய் சொன்னதற்கு அதுதான் காரணம். திருகின் அடியில் தகரம் மின்னும்வரை சுரண்டி முடுக்கியதற்கு முப்பது ரூபாய் வாங்கினார். யூனிட் விற்க முடியாத வருத்தம் அவர் முகத்தில் இருந்தது.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் மாங்காடு. காமாட்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏகாம்பரம் இறங்கினார். செவ்வாய்க்கிழமைக் கூட்டம், முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் இறங்கவில்லை. டீசல் வீணாகிறது என்று தெரிந்தும் எஞ்சினை ஓடவிட்டு அந்த எண்பத்தைந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரசாவுடையதைவிட ஐந்து குறைவு.

திரும்பும்போது வானகரம் வழியாக நேரே கள்ளிக்குப்பத்துக்குப் போகச் சொன்னேன். அது சரசாவின் வீடு.

"எதுக்கும்மா?" என்றார் ஏகாம்பரம்.

"காட்டுவதற்கு."

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. சரசா வாசலுக்கு வந்து, "வாங்கக்கா" என்று என்னிடம் ஒரு தடவையும், "வாப்பா ஏகாம்பரம், உக்காரு, சாப்பிடு" என்று அவரிடம் மூன்று தடவையும் சொன்னாள். கிச்சடி, தேங்காய்ச் சட்னி, மேலே முந்திரி. அவர் தட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவள் பரிமாறுகிற அழகை என்னால் பார்க்க முடியவில்லை. அவளுடைய லாரி முற்றத்தில் நின்றது. அதன் டிரைவர் ஊருக்குப் போய் இரண்டு நாளாகிறதாம். அந்தப் புகழ்பெற்ற முள்ளைப் பார்த்துவிடலாம் என்று ஏறினேன்.

தொண்ணூறில் நின்றது.

சாவி துவாரம் காலியாக இருந்தது. எஞ்சின் மூடியைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கண்ணாடியில் மோதிர விரலால் தட்டினேன். முள் அசையவில்லை. கண்ணாடிக்கு உள்ளேயும் பூஜைச் சந்தனம் இறங்கி, முள்ளின் அடியில் காய்ந்திருந்தது. ஊரெல்லாம் மெச்சிய முள் செத்த முள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இறங்கி வந்து சொன்னேன். "சரசா, உன் மீட்டர் வேலை செய்யவில்லை. முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் எவ்வளவு சுட்டாலும் அது தொண்ணூறுதான் காட்டும். சரி செய்யாமல் வண்டியை எடுக்காதே."

அவள் கரண்டியோடு நின்று சிரித்தாள். "ஏன்க்கா, உங்க முள்ளு ஆடினா வண்டி கெட்டுப்போச்சு, என் முள்ளு ஆடாம நின்னா அதுவும் கெட்டுப்போச்சா? நல்லாருக்கே நியாயம்! ஏகாம்பரம், நீயே சொல்லுப்பா."

ஏகாம்பரம் தட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னாத்துக்கும்மா வம்பு" என்றார். நான் அவருக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அவர் சரசாவின் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு என் வாசலில் நின்றார். முந்தின ராத்திரி வண்டியைக் கொட்டகையில் விட்டுக் கொடுத்துப்போன சாவியைக் கேட்டார்.

"சரசா வண்டி?"

"அது வாணாம்மா. கைய கழுவினு போய் நானும் பாத்தேன். நீங்க சொன்னதுதான். செத்த முள்ளு."

"அதை ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

"அவுங்க ஊட்டு வாசல்ல குந்திகினு, அவுங்க போட்ட சோத்த வாயில வெச்சிகினு, அவுங்க வண்டியவே எப்டிம்மா கொற சொல்றது? அதான் நீங்க சொல்ட்டீங்களே."

அந்த வாரக் கடைசியில் சரசாவின் வண்டி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி எஞ்சின் சீஸ் ஆகி நின்றது. ஆயில் குழாய் கசிந்து எண்ணெய் குறைந்திருக்கிறது. முள் கடைசிவரை தொண்ணூறில் நின்றதாக அவள் டிரைவரே சொன்னார். வண்டியை விற்றுவிட்டார்கள். ஏகாம்பரம் பதினோரு ஆண்டுகள் என்னிடம் ஓட்டினார். இப்போது அவர் இல்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் காலை ஏழுக்கு முன் ஆவடியைத் தாண்டிவிடுங்கள். மாங்காட்டுக்குச் செவ்வாய் வேண்டாம். மீட்டர் திடீரென்று பயமுறுத்தினால் விளக்கைப் போட்டு அணைத்துப் பாருங்கள், எர்த் திருகைச் சுரண்டுங்கள், அதன் பிறகு யூனிட் வாங்குங்கள். எஞ்சின் ஆறிய வண்டியில் முள் கீழே இறங்கியிருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். பூஜைக்குச் சந்தனத்தைக் கண்ணாடியில் வைக்காதீர்கள், ஸ்டியரிங்கில் வையுங்கள்.

சரசா, நான் எழுதுவதையெல்லாம் உன் மகன் உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் சொன்னதை நீ நம்பவில்லை. நான் சொன்னது தப்பு என்று நினைத்தாயா, அல்லது சொல்லும்போது என் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தாயா? இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கூப்பிட வேண்டாம். உன் கைப்பட எழுதி அனுப்பு.