கைப்பற்றியவர் கையெழுத்து

சப்-இன்ஸ்பெக்டர் மருதமுத்து இறந்த செய்தி, நான் மலாக்கா நீதிமன்றத்தில் ஒரு போலீஸ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது வந்தது. என் குமாஸ்தா ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார். 'முத்து சார் இன்று காலை காஜா பெராங்கில் உள்ள தம் வீட்டில் காலமானார்.' படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கூண்டில் நின்ற கான்ஸ்டபிளிடம் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"வீட்டைச் சோதனையிடுவதற்கு முன் உங்கள் சட்டைப் பைகளை வீட்டுக்காரரிடம் காட்டினீர்களா?"

"என் பையையா? நான் ஏன் சார் காட்டணும்?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பொருள் இருந்ததென்றால், அதற்குக் காரணமானவர் அன்று காலைதான் போயிருந்தார். அது அந்தக் கான்ஸ்டபிளுக்குத் தெரிய நியாயமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் மரண வீட்டில் உயர் அதிகாரி ஒருவர் பேசினார். மருதமுத்துவைக் 'கீழ்ப்படிதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்றார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். இறந்தவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் அந்தப் பேச்சை நம்பிவிடக் கூடாது. அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் ஒன்றே ஒன்றுதான். அது கீழ்ப்படியாமை.

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் பிறந்தவர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். நான் சீமையில் சட்டம் படித்துத் திரும்பி வழக்காடத் தொடங்கியபோது எங்களுக்குள் பகைதான் இருந்தது. அவர் கொண்டுவந்த வழக்குகளை உடைப்பது என் தொழில். அவை உடையவில்லை. காரணம் தேடி, அவர் செய்யும் சோதனை ஒன்றை நேரில் பார்க்கப் போனேன்.

அது ஒரு சாப்பாட்டுக் கடை. திருட்டுச் சாமான் இருப்பதாகப் புகார். மருதமுத்து உள்ளே நுழைந்ததும் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தம் பைகள் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். கைக்குட்டை, பேனா, மூக்குப்பொடி டப்பி, காகிதத்தில் சுற்றிய ஒரு வடை.

"என்ன முத்து சார், கடையச் சோதிக்க வந்தீங்களா, வடைய ஒளிக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"எழுதிக்குங்க. வரும்போது வடை ஒண்ணு. போகும்போதும் அதே ஒண்ணுதான் இருக்கணும். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு."

"இது எங்கடை வடை மாதிரி தெரியலியே?"

"உங்க வடையா இருந்தா இந்நேரம் பையே ஓட்டையாயிருக்குமே!"

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், கூட வந்த கான்ஸ்டபிள்கள் இருவரும் பையைக் காட்டி முடித்திருந்தார்கள். பிறகு, கடைக்காரர் ஒவ்வோர் அடியும் உடன் நடக்க, சோதனை தொடங்கியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கரித்தாள் நகலைக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

சோதனையைப் பற்றி நம் சட்டம் சொல்வது சொற்பம். வீட்டுக்காரரை அல்லது அவர் சார்பில் ஒருவரை உடனிருக்க விட வேண்டும். எடுத்தவற்றுக்கெல்லாம் பட்டியல் எழுதி அதிகாரி கையெழுத்திட வேண்டும். கேட்டால் நகல் தர வேண்டும். பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும். பையைக் காட்டச் சொல்லிச் சட்டத்தில் எங்கும் இல்லை. "அது எதற்கு?" என்று கேட்டேன். "சாமான் பொய் சொல்லாது லாயர்," என்றார். "நாம கை வைக்காத வரைக்கும். அதனால முதல்ல நம்ம கையத்தான் சோதிக்கணும்." அன்றோடு எங்கள் பகை முடிந்தது.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம் வந்தது. வீட்டில் தோட்டா இருந்தால் தூக்கு என்று விதி வந்தது. காஜா பெராங்கின் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் மங்களம்மாள் என்ற விதவை இருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கு வந்து மண்ணோடு கலந்துவிட்ட மலாக்காச் செட்டிகள் அவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. அவருடைய ஒரே மகன் அருணாசலம் துறைமுகத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நண்பகலில் அந்த வீட்டைச் சோதனையிட மேலதிகாரி மருதமுத்துவை அனுப்பினார். தாம் பொறுக்கியெடுத்த கான்ஸ்டபிள் ஒருவரையும் கூட அனுப்பினார்.

அன்று அந்த வீட்டில் பார்ச்சு. முன்னோருக்கு இலை போட்டுப் படைத்து, பூஜை அறைத் திரையை இழுத்துவிட்டு, குடும்பமே வெளியே நிற்கும் நாள். அவர்கள் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது. மங்களம்மாள் வாசலில் கைகூப்பினார்.

"துங்கு டூலு, துவான். நேநேக் மோயாங் லாகி மாக்கான்."

கொஞ்சம் பொறுங்கள் ஐயா, முன்னோர் இன்னும் சாப்பிடுகிறார்கள் என்பது அதன் பொருள். மருதமுத்து காலணியைக் கழற்றினார். தாய்க்கும் மகனுக்கும் முன்னால் தம் பைகளைக் காட்டினார். பிறகு திரைக்கு வெளியே அவர்களோடு கால் மணி நேரம் நின்றார். அதற்கு முன்பே அவர் வாழ்வின் பெரிய தவறு நடந்துவிட்டிருந்தது. வந்து இறங்கியவுடனே பின்கதவைக் காக்க அந்தக் கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டிருந்தார். அந்த ஒருவருடைய பையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பூஜை அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருந்தது. வேறு எந்த வீட்டிலும் அறை அப்படி ஆளில்லாமல் இருந்திருக்காது. வேறு எந்த அதிகாரியும் அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்.

திரை விலகியதும் கான்ஸ்டபிள் முதலில் குனிந்தார். படையல் இலையின் கீழிருந்து மூன்று தோட்டாக்களை எடுத்தார். அவை எப்படி அங்கே வந்தன என்று எனக்குத் தெரியும் என நான் சொல்ல மாட்டேன். நிரூபிக்க முடியாததைச் சொல்ல நான் பழகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை என்னைவிட நன்றாகப் பழகியவர் மருதமுத்து. அங்கேயே தரையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். 'தோட்டா மூன்று. எடுத்தவர் இன்னார். இவரது பை சோதனைக்கு முன் காட்டப்படவில்லை. அறை கால் மணி நேரம் வீட்டார் பார்வையில் இல்லை. பின்கதவு தாழிடப்படவில்லை. இது என் பிழை.' கையெழுத்திட்டு நகலை மங்களம்மாளிடம் கொடுத்தார். பிறகு அருணாசலத்தைக் கைது செய்தார். அதையும் அவர்தான் செய்தார். அதை நான் மறைக்கவில்லை, அவரும் மறைத்ததில்லை.

நிலையத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். மேலதிகாரியும் நம்மவர், தமிழர்.

"என்ன முத்து, சாமான் பட்டியல் எழுதச் சொன்னா உன் பாவமன்னிப்ப எழுதியிருக்கே? கிழிச்சுட்டு வேற எழுது."

"எழுதலாம் சார். நகல் அந்தம்மாகிட்ட இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

"எடுத்தா, எடுத்ததுக்கு ஒரு பட்டியல் எழுதணும் சார். அதுல முதல் உருப்படியே இந்தப் பட்டியலாத்தான் இருக்கும்."

வழக்கில் அருணாசலத்துக்காக நான் நின்றேன். அரசுத் தரப்பு கொண்டுவந்தது வேறொரு பட்டியல். குறிப்புகள் இல்லாதது, மேலதிகாரி கையெழுத்திட்டது. நான் மங்களம்மாளின் நகலைக் கொடுத்தேன். படையல் தட்டுக்கடியில் இருந்ததால் அதில் சந்தனக் கறை படிந்திருந்தது. சாட்சியாக மருதமுத்துவை அழைத்தேன். சீருடையோடு கூண்டில் ஏறினார். அரசு வழக்கறிஞர் கேட்டார்: "முப்பது வருஷ அனுபவம் உள்ள நீர், செத்தவர்கள் சாப்பிடுவதற்காகச் சோதனையை நிறுத்தினீரா?" அவர் சொன்னார்: "நிறுத்தினேன். அது தப்பில்லை. ஒரு ஆளோட பையப் பார்க்காம விட்டேன். அதுதான் தப்பு. என் தப்புக்கு இந்தப் பையன் தூக்குல தொங்கக் கூடாது."

நீதிபதி எச்சரிக்கையோடு பேசினார். சோதனையில் குறை இருந்தாலும் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கச் சட்டம் அனுமதிக்கிறது என்றார். ஆனால் அந்தத் தோட்டாக்கள் அருணாசலத்தின் கைவசம் இருந்தன என்பதில் தமக்கு ஐயம் தீரவில்லை என்று அவரை விடுவித்தார்.

மங்களம்மாள் அழுதுகொண்டே மகனின் கன்னத்தைத் தொட்டார். நாங்கள் படிக்கட்டில் பாதிகூட இறங்கவில்லை. மேலதிகாரி கீழே நின்றுகொண்டிருந்தார். கையில் தடுப்புக் காவல் உத்தரவு இருந்தது. தீர்ப்புக்கு முன்பே தயாரானது. அதற்குக் குற்றச்சாட்டு வேண்டாம், விசாரணை வேண்டாம். அருணாசலத்தின் தோளில் கை விழுந்தது. நான் சட்டம் பேசினேன்; பயனில்லை.

மருதமுத்து படியிலேயே உட்கார்ந்தார். தாளையும் கரித்தாளையும் முழங்கால்மேல் வைத்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

'நீதிமன்றப் படிக்கட்டில் எடுத்தவை. ஆள் ஒன்று. பெயர் அருணாசலம். வெள்ளைச் சட்டை ஒன்று. காக்கிக் கால்சட்டை ஒன்று. செருப்பு ஒரு ஜோடி. இடது புருவத்தில் பழைய தழும்பு. வேறு காயம் உடம்பில் எங்கும் இல்லை. விரல்கள் பத்தும், நகங்கள் பத்தும் சரியாக உள்ளன. கைப்பற்றியவர் கையெழுத்து:'

எழுந்து போய்த் தாளையும் பேனாவையும் மேலதிகாரியிடம் நீட்டினார்.

"என்னய்யா இது?"

"எடுத்துட்டுப் போறீங்க சார். பட்டியல்."

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். மருதமுத்து, எழுதியவர் என்ற இடத்தில் தம் கையெழுத்தைப் போட்டு, நகலை மங்களம்மாளிடம் கொடுத்தார்.

அந்த மாதமே அவர் பகாங்கின் உட்பகுதியில் ஒரு காட்டோர நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே ஓய்வுவரை கிடந்தார். பதவி உயரவில்லை, மலேரியா மட்டும் கிடைத்தது. அருணாசலம் ஏழு மாதத்தில் முகாமில் இறந்தார். காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். உடலை வாங்க மங்களம்மாளோடு நான் போனேன். வலக்கையில் மூன்று நகங்கள் இல்லை. காய்ச்சல் நகத்தைப் பிடுங்காது. படிக்கட்டில் எழுதிய பட்டியலைப் படியெடுத்து இணைத்து மூன்று கடிதங்கள் எழுதினேன். மேல் நடவடிக்கைக்கு முகாந்திரம் இல்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மங்களம்மாளிடம் காத்திருக்கச் சொன்னேன். மெர்டேக்கா, நாட்டு விடுதலை, வரப்போகிறது, நம்மவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், அப்போது கேட்போம் என்றேன். விடுமுறையில் வந்திருந்த மருதமுத்து அதைக் கேட்டு, "நம்ம ஆளுன்னா யாரு லாயர்?" என்றார். "பையக் காட்டுறவன்தான் நம்ம ஆளு."

மெர்டேக்கா வந்தது. நானும் கைதட்டினேன். அடுத்த வாரம் மங்களம்மாளிடமிருந்த நகலை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய நாற்காலியில் அதே மேலதிகாரி இருந்தார். "பழசைக் கிளறாதீங்க லாயர். நாடு இப்பத்தான் பொறந்திருக்கு," என்று தேநீர் வரவழைத்தார். அதைக் குடிக்காமல் வந்தேன் என்பதைத் தவிர நான் அன்று வேறு எதையும் செய்யவில்லை. ஓய்வு பெற்றுக் காஜா பெராங்குக்குத் திரும்பிய மருதமுத்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்பார்: "கையெழுத்து ஆச்சா, லாயர்?" கடைசியாக, இறப்பதற்குப் பத்து நாள் முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மரண வீட்டில், கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசிய அந்த உயர் அதிகாரி யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. பேசி முடித்தவர், வந்தவர்கள் பெயர் எழுத வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் குனிந்து கையெழுத்திட்டார். அழகான, தயக்கமில்லாத கையெழுத்து. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மங்களம்மாள் அதைப் பார்த்தார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"டியா சூடா சைன், துவான்?"

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று கேட்கிறார். அது வேறு புத்தகம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாரும் போன பிறகு மருதமுத்துவின் மனைவி ஒரு டைரியை என்னிடம் கொடுத்தார். அதனுள் அந்தப் படிக்கட்டுப் பட்டியலின் மூலத்தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து மங்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கடைசி வரியில் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்த அதிகாரி இதே ஊரில் இருக்கிறார். நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். இதுவரை மருதமுத்து என்னைக் கேட்டார். இனி அந்த அதிகாரியைப் பார்க்கும் இடத்திலெல்லாம், விருந்தானாலும் கோயிலானாலும், பையை வெளியே இழுத்துத் தாளை நீட்டி, நான் கேட்பேன்.