கம்மங்களியும் பைலட் புஷ்ஷும்

போர் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்ட காலத்தில், என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மதுரைக்குப் போய் ஓர் எஞ்சின் வாங்கி வந்தார்கள். எங்கள் பழைய லாரியின் எஞ்சின் செத்துப்போயிருந்தது; கியர் பெட்டி மட்டும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டால் புளியங்குடி எலுமிச்சை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் நம்பினார்கள். எனக்குக் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. வீட்டில் நாங்கள் மூவர்தான். அதனால் தொழுவத்தில் நடந்த அந்த வேலைக்குக் கயிறு பிடிக்கவும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் நான்தான் ஆள்.

சேர்க்கிற இடத்தில்தான் சிக்கல். கியர் பெட்டியிலிருந்து நீளும் தண்டின் மூக்கு, எஞ்சினின் நடுக்குழிக்குள் போய் உட்கார வேண்டும். குழி பெரிது, மூக்கு சிறிது. நடுவே வெண்கலத்தில் மோதிரம்போல ஒரு புஷ் வேண்டும். பைலட் புஷ் என்பார்கள். கிளட்சை மிதித்தால் எஞ்சின் சுற்றும், தண்டு நிற்கும். அப்போது மூக்கைத் தாங்கவும் வேண்டும், இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அதுதான் புஷ்ஷின் வேலை. கொழுந்தனார் அளவெடுத்துக்கொண்டு கோவில்பட்டி லேத்துப் பட்டறைக்கு பஸ்ஸில் போய்க் கடைந்து வாங்கி வந்தார். தங்கம்போல மின்னியது.

என் வீட்டுக்காரர் அதைச் சுத்தியலால் அடித்துக் குழியில் இறக்கினார். பெட்டியையும் தூக்கி மாட்டி, மறுநாள் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக் கிளப்பினார்கள். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவர் கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ள, கரகரவென்று ஒரு கத்தல். எப்படியோ கியர் விழுந்தது. கிளட்சை மிதித்த காலை அவர் எடுக்கவேயில்லை; அப்படியும் லாரி தானாகவே நகர ஆரம்பித்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று நான் கத்துவதற்குள் வைக்கோல் படப்பில் முட்டி எஞ்சின் அணைந்தது. படப்பில் பாதி சரிந்து வண்டியின் தலையில் விழுந்தது.

"அளவு தப்புலே" என்றார் அவர்.

"அடிச்சது யாரு? அளவெல்லாம் சரியாத்தான் இருந்தது" என்றார் தம்பி.

அதோடு பேச்சு நின்றது. பெட்டியைத் திரும்பக் கழற்றும்போது லாரிக்கடியில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கிடந்தவர்கள், என் வழியாகத்தான் பேசினார்கள். "மதினி, அண்ணனைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க" என்பார் தம்பி. "அவன் காலை மடக்கச் சொல்லுட்டி" என்பார் அண்ணன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கழற்றிப் பார்த்தால், அடித்த அடியில் புஷ் கோணி, உள்வட்டம் சுருங்கியிருந்தது. மூக்கைக் கவ்விப் பிடித்து, தண்டையும் எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவைத்திருக்கிறது. வெண்கலமெல்லாம் கீறல். வேறு புஷ்தான் போடவேண்டும். ஆனால் உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? குழிக்குப் பின்வழி கிடையாது.

குழியில் கிரீஸை அடைத்து, புஷ்ஷின் ஓட்டைக்கு இறுக்கமான கட்டையை வைத்து அடித்தால், கிரீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். டப்பாவிலோ கிரீஸ் வழித்தெடுக்கக்கூட இல்லை.

"கிரீஸ்தான் வேணுமா? கெட்டியா எது இருந்தாலும் போதுமா?" என்று கேட்டேன்.

"போதும். எதுக்குக் கேக்க?"

"காலையில கிண்டின கம்மங்களி இறுகிப்போய்க் கெடக்கு."

கொழுந்தனார் லாரிக்கடியில் கிடந்தபடியே சிரித்தார். "என்ன மதினி சொல்லுதிய! எஞ்சினுக்குச் சோறா?"

"சிரிக்காதலே. அவ சொல்லுதது சரிதான்" என்றார் அண்ணன். சண்டைக்குப் பிறகு தம்பியோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

களியை விரலால் திணித்துத் திணித்து நிரப்பினோம். முதல் அடியில் அது பிதுங்கி என் வீட்டுக்காரர் மீசையில் அப்பியது. கட்டையில் துணி சுற்றி, இன்னும் களி அடைத்து, மறுபடி அடித்தார்கள். நாலைந்து அடியில் புஷ் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்த அடியில் துள்ளி வந்து அவர் மடியில் விழுந்தது. இருவரும் கூவிய கூவலில் தெருவே எட்டிப் பார்த்தது. ஒட்டியிருந்த களியை மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு பொட்டுக்கூட விடாமல் துடைத்தது நான்தான். மிச்சக் களியை மோர் விட்டுக் கரைத்து மூன்று பேரும் குடித்தோம்.

இந்த முறை லேத்துக்காரரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அடித்து இறக்கினால் உள்வட்டம் சற்றுச் சுருங்கும் என்று அதற்கும் இடம் விட்டுக் கடைந்தார். மூக்கின் பருமனுக்கு ஒரு இரும்புக் கட்டையும் கொடுத்தனுப்பினார். புதுப் புஷ்ஷின் மேல் மரத்துண்டை வைத்து, கோணாமல் பைய பையத் தட்டி இறக்கினார்கள். பிறகு இரும்புக் கட்டையை உள்ளே விட்டு, "நீ சுத்திப் பாருட்டி" என்றார் அவர். இரண்டு விரலால் சுற்றினேன். ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை. எண்ணெயில் வழுக்குவதுபோலச் சுற்றியது.

புளியங்குடிக்கு முதல் நடை போனபோது என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டார்கள். கொழுந்தனார்தான் ஓட்டினார். வழியில் ஆட்டு மந்தை குறுக்கிட்டது. அவர் கிளட்சை மிதித்தபடி நிறுத்தினார். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மந்தை கடந்ததும் கியரை மாற்றினார்.

"சத்தமே இல்லலே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாண்ணே" என்றார் தம்பி.

திரும்பும்போது பின்னால் இருந்த எலுமிச்சை மூட்டைகள் மணத்தன. வெயில் தாழ்ந்திருந்தது. சங்கரன்கோவில் வருவதற்குள் நான் என் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.