மூலையில் மை தடவிய கார்டு

நமத்துப்போன பட்டாசைக் காயவைத்தால் ஒரு வாசனை கிளம்பும். கந்தகமும் பழைய செய்தித்தாளும் மழைக்கு நடுவே அடிக்கிற வெயிலும் கலந்த வாசனை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத் தீபாவளி என்றால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான், அதிரசமெல்லாம் அப்புறம். ஐப்பசி மழை எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு வராது. மொட்டை மாடியில் முறத்தில் பேப்பர் விரித்து, லட்சுமி வெடியையும் புஸ்வாணத்தையும் பரப்பி, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்து, தூறல் விழுந்தால் முறத்தோடு கீழே ஓடிவருவது என் வேலை. "ஒரு சொட்டு பட்டுச்சு, அத்தனையும் புஸ்ஸுதான்" என்று அம்மா படிக்கட்டிலிருந்து கத்திக்கொண்டே இருப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அப்பாவின் ஊர் திருச்சிக்குத் தெற்கே. அங்கே நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பங்காளித் தாத்தா போய்விட்டார். பங்காளி வீட்டில் சாவு என்றால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, பலகாரச் சட்டியே அடுப்பில் ஏறாது. பிளாக் முழுக்க வெடித்துக்கொண்டிருக்க, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன அந்தத் தாத்தாவை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டிலிருந்து பரிதாபப்பட்டுக் கொடுத்தனுப்பிய முறுக்கை, வீம்புக்குத் தொடவே இல்லை. ராத்திரி அம்மா தூங்கியதும் தின்றேன் என்பது வேறு விஷயம்.

எனவே இந்த வருஷம் பட்டாசை நான் காத்த காவல் சாதாரணக் காவல் அல்ல. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, முறத்தோடு படியேறப் போன என்னைத் தபால்காரர் வாசலில் நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, நைனா ஊட்ல கீறாரா?"

"டூட்டிக்குப் போயிருக்காரு."

"வந்ததும் அவரு கைல குடு. கீழ போட்டுக்கினு போயிடாத" என்று அவர் தயங்கித் தயங்கி நீட்டிய அஞ்சலட்டையின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. நல்ல செய்தி என்றால் மூலையில் மஞ்சள் இருக்கும். கறுப்பு எதற்கு என்று எங்கள் பிளாக்கில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். சின்னையா காலமாகிவிட்டார், பதினாறாம் நாள் காரியம் இன்ன தேதி என்று இரண்டே வரி. அந்தத் தேதி தீபாவளிக்கு முதல் நாள். சின்னையா என்றால் அப்பாவின் சித்தப்பா என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா இதைப் படித்தால் மறுபடியும் ஜன்னல் கம்பிதான். மாடிக்குப் போய், முறத்தில் விரித்த பேப்பருக்கு அடியில் கார்டைச் செருகி, மேலே வெடிகளை நிரவி வைத்தேன். துக்கக் கார்டைப் படித்ததும் கிழித்து வெளியே போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்பார்கள். அது எங்கள் வீட்டில் ஐந்து நாள் பட்டாசோடு பட்டாசாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு ஒரு வெடிகூடப் புஸ்ஸாகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்று முழுக்க எனக்குக் கார்டு நினைவே வரவில்லை.

மறுநாள் காலையில் தபால்காரர் வந்தார். "சார், இனாமுக்கு வர்ல. துக்க ஊட்ல கேக்க மாட்டேன். சும்மா உங்கள பாத்துட்டுப் போலாம்னு..." என்று ஆரம்பித்தவர், வாசலில் குவிந்திருந்த வெடிக் காகிதத்தையும், காலரில் மஞ்சள் வைத்த அப்பாவின் புதுச் சட்டையையும் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். முறத்துப் பேப்பருக்கு அடியிலிருந்து கார்டை எடுத்துவந்து கொடுத்தேன். கார்டெல்லாம் மருந்து வாசனை. அப்பா படித்துவிட்டு, "முந்தாநாளே காரியம் முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். அம்மா என் முதுகில் நாலு வைத்தார். "விடு, சின்னப் புள்ள" என்று அப்பா தடுத்துவிட்டு, புதுச் சட்டையோடு குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவுக்கு வேலை கிடைத்தபோது ட்ரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து ஆவடி ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டவர் அந்தச் சின்னையா. அப்பா தன் கல்யாணத்துக்கு அவரை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், லீவு இல்லை என்று பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் சாவுக்குத் தந்தி இல்லை, ஆளும் வரவில்லை. உனக்கும் தபால்தான் என்று சின்னையாவின் மகன் போட்ட கார்டு.

அன்று மாலையே அப்பா ரயிலேறினார். "எச்சில் இலை எடுத்து, அண்டா கழுவுற நேரத்துக்கு வந்திருக்கீங்களேண்ணே" என்று சின்னையாவின் மகன் வாசலிலேயே கேட்டாராம். "ஆமாப்பா, தாமதமாயிருச்சு" என்றாராம் அப்பா. என் பிள்ளை கார்டை மறைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பாவி மனுஷன், சொல்லவில்லை.

இப்போது அயனம்பாக்கத்தில் ஃப்ளாட். அப்பா என்னோடுதான் இருக்கிறார். பட்டாசு பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது, யாரும் காயவைப்பதில்லை. முறமே எங்கள் வீட்டில் கிடையாது. நாங்கள் இருந்த பிளாக்கைப் பூட்டிவிட்டார்கள், மாடிச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. கல்யாணமும் சாவும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

போன தீபாவளிக்கு மறுநாள், காபியைக் குடித்துவிட்டு அப்பா சொன்னார்: "சின்னையா மகன் தவறிட்டான்மா. முந்தாநாளே போன்ல வந்துச்சு."

"ஏம்பா சொல்லல?"

"பேத்தி வெடிச்சு முடிக்கட்டும்னுதான். பதினாறுக்கு இன்னும் நாள் கிடக்கு. நேர்லயே போயிருவோம்."

போனோம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிமாறியவர்களை மேற்பார்த்துக்கொண்டு வந்த, செத்தவரின் அக்காவிடம், இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அத்தை, அன்னைக்கு உங்கப்பா காரியத்துக்கு அப்பா வராததுக்கு நான்தான் காரணம். கார்டை மறைச்சது நான்."

அவர் பரிமாறியவர்களை அடுத்த இலைக்குப் போகச் சொன்னார். பிறகு, "அவன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கிடந்தான்மா, கார்டு போட்டிருக்கக் கூடாது, நான் நேர்ல போயிருக்கணும்னு" என்றார்.

அப்பா தலை நிமிரவில்லை. "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.