தோணிகள் முட்டாத கட்டம்

ஹென்றி அண்ணனை எங்கள் தெருவில் ‘கட்டக்காரன்’ என்பார்கள். பகலில் ரோச் முதலாளியின் தோணி ஆபீசில் சரக்குக் கணக்கு எழுதுவார். மிச்ச நேரமெல்லாம் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பார். நான் பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த 1973இல், அவர் போடும் கட்டங்களை முதலில் நிரப்பிப் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

அந்த வருஷம் மாதா கோயில் திருவிழா மலருக்குப் பங்குச் சாமியார் ஒரு போட்டி கேட்டார். நம் ஊர்த் தோணிகளின் பெயர்களே விடைகளாக வரவேண்டும். “நல்லா வந்தா மெட்ராஸ் பத்திரிகைக்கு நானே எழுதுறேன். அங்க போட்டிப் பக்கத்துக்கு ஆள் தேடுறாங்க” என்றார்.

ஹென்றி அண்ணன் குடியிருந்தது முதலாளியின் வீடு. தம்பி வேலை பார்த்தது கொழும்புக்குப் போகும் முதலாளியின் தோணியில். இந்த ஊரை விட்டுப் போக அவருக்குத் தெரிந்த ஒரே வழி சாமியாரின் அந்தக் கடிதம்தான்.

தமிழில் கட்டம் போடுவது லேசு அல்ல. பாதித் தோணிகளின் பெயர் ‘ம்’ என்று முடியும். புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால், அந்த முனையிலிருந்து கீழே எதையும் இறக்க முடியாது. ஒரு பெயரை நகர்த்தினால் நாலு பெயர் கழன்று விழும். எப்படியோ முடித்துவிட்டார். குறுக்கே ரோச் முதலாளியின் ‘அடைக்கலம்’, நெடுக்கே மனுவேல் முதலாளியின் ‘ஆரோக்கியம்’. இரண்டும் நடுவில் ‘க்’ என்ற எழுத்தில் சேர்ந்தன.

மலரின் செலவு தோணிக்காரர்களுடையது. அவர்கள் பார்க்காமல் அச்சுக்குப் போகாது. ஹென்றி அண்ணன் காட்டப் போனபோது இரண்டு முதலாளிகளும் ஆபீசில் இருந்தார்கள்.

“ஏலே, என்னலே இது? என் அடைக்கலத்து நடுவுல ஆரோக்கியம் வந்து மோதுது!” என்றார் ரோச்.

“மோதினா என் தோணிக்கு ஒண்ணும் ஆகாது ஓய். சேதம் உமக்குத்தான்” என்று சிரித்தார் மனுவேல்.

“உம்ம தோணி எங்க போய் நிக்குதுன்னு பாரும். கடைசியில கருப்புக் கட்டம். நேரா பாறையில முட்டுது.”

மனுவேல் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“ஓரத்துக்குத் தள்ளிருதேன், முதலாளி” என்றார் ஹென்றி அண்ணன்.

“ஓரம்னா கரைதாம்லே. தரைதட்டாதா?” என்றார் ரோச்.

ஹென்றி அண்ணன் திரும்பி வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர்களிடம் சொல்லும்படி யோசனையும் சொன்னேன்.

“என் தம்பி நடுக்கடல்ல கிடக்கான்லே. இப்ப எனக்கும் அந்தக் கட்டம் பாறையாத்தான் தெரியுது.”

ஒரு சொல்லை இன்னொன்று கடக்காமல் குறுக்கெழுத்து ஏது? தோணிகளை எடுத்தால் சாமியாரின் கடிதம் கிடையாது. வைத்தால் அச்சில்லை. அழித்து அழித்து அவருடைய தாள் பஞ்சாகிப்போனது.

ஒரு மாலை கடற்கரையில் கச்சான் காற்று மண்ணை வாரி எங்கள் முகத்தில் அடித்தது. ஹென்றி அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வீட்டுக்கு ஓடினார்.

புதுக் கட்டத்தில் தோணிகள் எல்லாம் குறுக்கே மட்டும் போயின. நெடுக்கே வந்தவை காற்றுகள். ‘அடைக்கல’த்தின் நடுவிலிருந்து கச்சான் இறங்கியது. ‘விண்ணரசி’யைக் கொண்டல் கடந்தது. கருப்புக் கட்டங்கள் இருந்த இடத்தில் நட்சத்திரம் வைக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்டிருந்தார். ஓரக் கட்டங்களிலும் நட்சத்திரம்தான்.

ரோச் முதலாளி விரலால் ஒவ்வொரு தோணியாகத் தடவிப் பார்த்தார். “காத்தும் இருக்கு, வழி காட்ட வெள்ளியும் இருக்கு. இனி என்னலே வேணும்!”

திருவிழாப் பூசை முடிந்து, மலரைக் கையில் வைத்துக்கொண்டே ரோச் முதலாளி சாமியாரிடம் போனார். ஹென்றி அண்ணனும் நானும் பக்கத்தில்தான் நின்றோம்.

“சாமி, மெட்ராசுக்கு ஒண்ணும் எழுதிராதீங்க. இப்படி ஒரு தலையை எவனாவது வெளிய விடுவானா? இனி என் மூணு தோணிக்கும் இவன்தான் பொறுப்பு.”

சாமியார் ஹென்றி அண்ணனைப் பார்த்தார். “என்ன ஹென்றி, சந்தோசந்தானே?”

“சந்தோசம் சாமி.”

கூட்டம் கலைந்த பிறகு கொடிமரத்தடியில் உட்கார்ந்தோம். மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் அதே தெருவில் இருக்கிற நான் கேட்கிற கேள்வியா அது?

“முதலாளி புதுசா ஒரு தோணி வாங்குதாராம்” என்றார். “பேரு எட்டெழுத்து.”

குனிந்து, மணலில் விரலால் எட்டுக் கட்டம் போட ஆரம்பித்தார்.