பூல்மணி டீச்சரின் முதல் பாடம்

தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்ட ஆபீஸுக்குள் பூல்மணி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். பதினான்கு வருடத்துக்கு முன் ஜார்க்கண்டிலிருந்து பழம் பறிக்க வந்தவள். காதால் கேட்டே தமிழைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பழகி, இப்போது தொழிலாளர் லைன் வீட்டு அறையொன்றில் வடக்கிலிருந்து வரும் ஆட்களுக்குப் பாடம் சொல்கிறாள். மனசு உடைந்தவர்களும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

பின்னால் சுமித்ரா நின்றாள். கைக்குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். எட்டு நாளாகத் தூக்கமில்லை, சோறில்லை. நேற்று கிணற்றுமேட்டில் நின்றவளை இரண்டு பெண்கள் இழுத்து வந்திருந்தார்கள்.

"இன்னைக்கே சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க. இவ ஆதாரைக் குடுங்க."

தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் பாலகுமார் அசையவில்லை. பறிப்பு முடியும்வரை ஆட்களின் ஆதார் அட்டைகளை பீரோவில் பூட்டி வைப்பது அவர் வழக்கம்.

"ஏனுங்க டீச்சர், போன வாரந்தான முகாமுக்கு வந்த டாக்டரம்மா பாத்தாங்க? எப்படி இருக்கேன்னு கேட்டதுக்கு, நல்லா இருக்கேனுங்கன்னு இவளே சொன்னா. சீட்டுல எழுதியே இருக்குது. நொம்ப நடிக்கறா, நீங்க வேற ஏத்தி விடாதீங்க."

சீட்டைப் படித்த பூல்மணிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. அது அவள் கற்றுக்கொடுத்த வாக்கியம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடமே அதுதான். யார் கேட்டாலும் சிரித்தபடி, நல்லா இருக்கேனுங்க. ஏச்சு வாங்காமல் பிழைக்க அது போதும் என்று நினைத்திருந்தாள். சுமித்ராவுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இவளுக்கு வேற தமிழ் தெரியாதுங்க. அது என் தப்பு. அட்டையைப் பூட்டுனது யாரு தப்பு? கெணத்துல விழுந்திருந்தா, போலீஸ்லயும் இந்தச் சீட்டைத்தான் காட்டுவீங்களா?"

"எஸ்டேட் ரூமுல பாடம் நடத்திக்கிட்டு எஸ்டேட்டையே கேள்வி கேக்கறீங்களா? ரூமைப் பூட்டிருவேன்!"

"பூட்டு கண்ணு. உனக்கு அது ஒண்ணுதான வருது."

பிள்ளையை அழைப்பதுபோல் அவள் அழைத்ததில் ரைட்டரின் முகம் கறுத்தது.

அட்டையில்லாமலே பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டபோது, பூட்டி வைத்திருப்பவரின் பேரையும் போன் நம்பரையும் பூல்மணி உரக்கச் சொன்னாள். மனநல டாக்டர் கேட்கக் கேட்க, சுமித்ரா தன் மொழியில் கொட்டித் தீர்த்தாள். பூல்மணி ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் திரும்பினால் அறைக்கதவில் புதுப் பூட்டு. பூல்மணி காப்பி காயும் களத்தில், ஆபீஸ் சன்னலுக்கு நேர் எதிரே, ஆட்களை உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க. தூக்கம் வரலீங்க. ஊட்டு நெனப்பாவே இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்க."

முனகலாகச் சொன்னார்கள்.

"ரைட்டருக்குக் கேக்கல. இன்னொருக்கா."