அத்தான் ஏறாத பிளேன்

மன்னார்க் கரையிலுள்ள எங்கள் அரிப்பு ஊரில் வள்ளம் வைத்திருந்தவர்கள் பலர். மாட்டு வண்டில் வைத்திருந்தவர்கள் சிலர். பிளேன் வைத்திருந்தவர் என் அக்கா மதலேனாவின் புருஷன் சந்தியோகு ஒருவர்தான். ஊரில் வேறு சந்தியோகுகளும் இருந்ததால், 'பிளேன் சந்தியோகு' என்றால்தான் தபால்காரருக்கும் விளங்கும். அந்தப் பெயரில் அத்தானுக்கு ஒரே பெருமை. எனக்கும் அக்காவுக்கும் தலை நிமிர்த்த முடியாது.

பிளேன் அவருக்கு வந்த கதை சின்னது. தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை அதில் கொழும்புக்குப் போய் வருவார். தோட்டத்துத் தண்ணீர் இயந்திரம், லொறி, பிளேன் மூன்றையும் திருத்துகிறவர் அத்தான். துரை நாட்டை விட்டுப் போகும்போது லொறியை வாங்க ஆட்கள் போட்டி போட்டார்கள். பிளேனை வாங்க ஒரு குஞ்சும் வரவில்லை. "சந்தியோகு, நீயே வைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறிவிட்டார். நன்றிக்காகக் கொடுத்தாரா, ஏதாவது பழைய கோபத்துக்காகக் கொடுத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அத்தான் அதை மாடு பூட்டி இழுத்து வந்து, எங்கள் வளவுக்குப் பின்னாலிருந்த வெட்டைவெளியில் ஓலைக் கொட்டில் போட்டு நிறுத்தினார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருக்கிற சின்னப் பிளேன். உடம்பு இரும்புக் குழாய், இரண்டு பக்கச் செட்டையும் பலகை, அதன் மேலே இழுத்துக் கட்டிய சீலை. சீலையை உரித்துவிட்டால், தின்று முடித்த பாரைமீன் முள்ளு மாதிரிக் கிடக்கும்.

கொஞ்சக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபதுகள் தொடங்கின. பால்மாவுக்கே வரிசையில் நின்ற நாட்டில் பிளேனுக்கு யார் சாமான் தருவார்கள்? இல்லாததையெல்லாம் அத்தான் தானே செய்தார். செய்தார் என்பது அவருடைய சொல். எங்கள் வீட்டிலிருந்து கழற்றினார் என்பது என்னுடைய சொல்.

பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீற்றர் பழுதானது. வலையில் கட்டும் மிதப்புக்கட்டையைச் சின்னதாகச் சீவி, அதில் ஒரு கம்பியைக் குத்தி, தாங்கிக்குள் மிதக்க விட்டார். கம்பி உயர்ந்து நின்றால் பெற்றோல் உண்டு, இறங்கினால் இல்லை. அது நன்றாகவே வேலை செய்தது, சொல்லாமல் விட்டால் பாவம். சைக்கிளின் பிறேக் கம்பி எஞ்சினுக்குப் போனது. அதன் பிறகு அத்தானின் சைக்கிள் காலை நிலத்தில் தேய்த்தால்தான் நிற்கும். ஆசனம் உக்கிப் போக, வீட்டிலிருந்த நல்ல பிரம்புக் கதிரையின் கால்களை வாளால் அறுத்து உள்ளே வைத்தார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "முதல்தரச் சாமான் பிள்ளை!"

செட்டைச் சீலை விஷயத்தில்தான் அக்கா அகப்பட்டாள். கலியாணத்துக்கு வந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்துத் தையல் மெசினில் மூட்டினாள். பலகையோடு சேர்த்துக் கைத்தையல் போடவும் அவளே வேண்டும். அத்தானைத் திட்டிக்கொண்டே தைப்பாள். ஆனால் ஒரு தையல் கோணினாலும் பிரித்துத் திரும்பத் தைப்பாள்.

சீலை இறுகி நிற்பதற்குப் பூசுகிற மருந்தும் கப்பலில் வந்தால்தான் உண்டு. அத்தான் சோற்றுக் கஞ்சியைப் பூசினார். நன்றாகத்தான் இறுகியது. விடிய எழும்பிப் பார்த்தால் இடது செட்டையில் பாதியைக் காணவில்லை. ஊர்க் கழுதைகள் கஞ்சியை நக்கி, ருசி பிடித்து, சீலையையும் தின்றுவிட்டுப் போயிருந்தன. கழுதை கிட்ட வரக்கூடாது என்று அடுத்த முறை வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் பூசினார். கழுதை வரவில்லை. ஊரிலுள்ள எல்லாப் பூனைகளும் எல்லாக் காகங்களும் வந்தன. பக்கத்து ஊரான சிலாவத்துறைக் காகங்களும் வந்திருக்க வேண்டும், அத்தனை காகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கடைசியில் குங்கிலியத்தை உருக்கி வார்னிசோடு கலந்து பூசியபோதுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது.

ஒருமுறை பொலிஸ் சார்ஜன்ற் வந்து பிளேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மணி எங்கே என்று கேட்டார். சைக்கிள் சட்டத்தைத் தவிர வேறு சட்டம் அவருக்கு எங்கள் ஊரில் தேவைப்பட்டதில்லை. அத்தான் அடுத்த நாளே ஒரு மணி பூட்டினார்.

இப்படியே வருஷங்கள் போயின. பிளேன் போகவில்லை. எஞ்சின் உறுமும், கோழிகள் சிதறி ஓடும், அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு நாள் அக்கா தையல் மெசினின் தோல் பட்டியைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் அது பெற்றோல் தாங்கியை இறுக்கிக் கட்டியிருக்கக் கண்டாள். அன்றைக்குத்தான் வெடித்தாள்.

"இஞ்சேருங்கோ, வாற திருநாளுக்கு இது எழும்ப வேணும். எழும்பாட்டில் அடுத்த நாள் இதுக்குள்ள நான் கோழி அடைப்பன். மடு மாதாவாணை!"

மாதாவின் பேரில் ஆணையிட்டால் அக்கா செய்தே தீருவாள். அத்தான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு உயரம் என்றால் பயம். கூரைக்கு ஓலை மாற்றுவதற்குக்கூட கூலிக்கு ஆள் பிடிப்பார். பிளேன் பறக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தான் பறக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. துரையிடம் பைலற்றாக இருந்த பெனடிக்ற் மன்னார் டவுனில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அவர் ஓட்டுவார், தான் கீழே நின்று பார்ப்பது என்பது அத்தானின் திட்டம்.

அந்தத் திட்டத்தில் ஊர் மண்ணை அள்ளிப் போட்டது. எங்கள் கரையில் புது வள்ளம் இறக்கினால், அதைக் கட்டின ஓடாவிதான் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும். அவர் ஏறாத வள்ளத்தில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். கட்டினவனே நம்பாததை மற்றவன் ஏன் நம்ப வேண்டும்? நியாயமான கேள்விதான்.

திருநாள் பூசை முடிந்து ஊரே வெட்டைக்கு வந்துவிட்டது. சுவாமியாரும் ஆசீர்வதிக்க வந்தார். பிளேனுக்கென்று செபம் இல்லாததால் வள்ளத்துச் செபத்தையே வாசித்து, இதன் வலைகள் மீனால் நிறைய வேண்டும் என்று மன்றாடினார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

பெனடிக்ற் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கதிரையைக் கண்டதும் குனிந்து, அறுத்த கால்களை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஏறி எஞ்சினைப் போட்டு, வெட்டையில் அங்குமிங்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எழும்பும் போலதான் கிடக்கு. வாங்கோ சந்தியோகண்ணை, பின்னுக்கு ஏறுங்கோ."

"நானோ? எனக்குக் கீழ வேலை கிடக்கு" என்றார் அத்தான்.

"கட்டின ஆள் ஏறாமல் நான் இதை எழுப்பமாட்டன்."

வள்ளக்காரர்கள் எல்லாரும் "ஓம், ஓம், அதுதான் முறை" என்றார்கள். அத்தான் கிட்டப் போனார். ஒரு காலைத் தூக்கி வைத்தார். கால் நடுங்கிய நடுக்கத்தில் பிளேனும் நடுங்கியது. காலை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ ஒருவன் கோழி மாதிரிக் கொக்கரித்தான். சனம் சிரித்தது. எனக்கு அவரைப் பார்க்கத் தாங்க முடியவில்லை. வீட்டுச் சாமானெல்லாம் களவெடுத்தாலும் என் அத்தான் அல்லவா?

அப்போதுதான் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்கோ. செட்டை முழுக்க ஆர் தைச்சது? நான். கட்டின ஆள்தான் ஏறவேணும் எண்டால் நான் ஏறுறன்."

அக்கா ஏறிக் கதிரையில் இருந்தாள்.

"மதலேனா, வேண்டாம், இறங்கும்!" என்றார் அத்தான்.

"ஏன்? முதல்தரச் சாமானெண்டுதானே சொன்னனீங்கள்?"

எஞ்சின் உறுமியது. பிளேன் ஓடியது, ஒரு துள்ளுத் துள்ளியது, எழும்பியேவிட்டது! ஊர் கத்திய கத்தில் வெட்டை அதிர்ந்தது. அத்தான் மட்டும் கத்தவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தியபடி பிளேனுக்குக் கீழே ஓடினார். விழுந்தால் பிடித்துவிடுவார் போல. நானும் பின்னால் ஓடினேன். அவர் மேலே பார்த்துப் புலம்பிக்கொண்டே ஓடினார்.

"அந்த ஆணி கட்டிலில கழட்டினது! வால் கம்பி உக்கினது, பெயின்ற்தான் அடிச்சனான்! பிறேக் கம்பி பழசு, மாதாவே, அந்தக் கம்பி சரியான பழசு!"

இத்தனை வருஷமாக முதல்தரம் என்று எங்களுக்குச் சொன்ன சாமான்களின் உண்மைக் கதை அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது. சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. நானும் முதலில் சிரித்தேன். அவர் கண்ணீர் வழிய ஓடுவதைக் கண்ட பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

பிளேன் கடலுக்கு மேலே ஒரு வட்டமடித்துத் திரும்பி, குதித்துக் குதித்து வெட்டையில் இறங்கி நின்றது. அக்கா தலை குலைந்து, முகம் சிவந்து இறங்கி வந்தாள். கலியாணத்தன்றும் அவளை அப்படிச் சந்தோஷமாக நான் கண்டதில்லை. அத்தான் அத்தனை பேருக்கும் முன்னால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"போதும் மதலேனா. இதுக்குள்ள கோழியையே அடையும்."

"விசரோ உங்களுக்கு? நான் நாளைக்கும் போறன்."

"நாளைக்கு வேண்டாம். எனக்கு ஒரு மாதம் தாரும். கழட்டித் திரும்பச் செய்ய வேணும்."

"எதை?"

"எல்லாத்தையும்" என்றார் அத்தான்.